நெடுந்தொடரும் பண்டிகையும் ஏன் சலிக்கின்றன? வணிகம் பற்றிய ஐந்து விடைகளின் மதிப்பாய்வு

‘முன்பெல்லாம் தீபாவளி இப்படியா இருந்தது?’ என்ற ஏக்கமும், ‘அந்த சீரியலை விட்டு ரொம்ப நாளாச்சு, இழு இழுவென்று இழுக்கிறார்கள்’ என்ற சலிப்பும் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. இரண்டும் வெவ்வேறு குறைகள் போலத் தெரியலாம். ஆனால் பெரும்பாலும் அவை ஒரே குற்றச்சாட்டில் போய் முடிகின்றன: வியாபாரம் புகுந்து கெடுத்துவிட்டது.

இவ்விரண்டையும் சேர்த்து ஆராய்வதற்குக் காரணம் உண்டு. பண்டிகையும் தொடரும் திரும்பத் திரும்ப வருவதற்காகவே அமைந்தவை. ஒன்று ஆண்டுதோறும் வருகிறது; மற்றொன்று வாரந்தோறும் அல்லது நாள்தோறும். இரண்டிலும் காத்திருப்பு சுவையின் ஒரு பங்கு. இன்று இரண்டையும் விளம்பரப் பணம் தாங்கி நிற்கிறது. இவற்றின்மீது ஆர்வம் குறைவதற்கும், விடவும் முடியாமல் கொண்டாடவும் முடியாமல் மனம் இரண்டுபடுவதற்கும் வணிகம்தான் காரணமா? உளவியல், சமூகவியல், வரலாறு, மானிடவியல் ஆகிய துறைகள் இதற்குத் தந்த முக்கியமான விடைகளையும் அவற்றின் குறைகளையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

புகாரின் வயது

பண்டிகை கெட்டுவிட்டது என்ற புகார் தொலைக்காட்சியைவிட மிக மூத்தது. 1647இல் இங்கிலாந்தின் நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் விழாவையே ஒழித்து ஆணையிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடியவர்களுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் இருந்தது. அன்றைய தூய்மைவாதிகளுக்குக் கடைத்தெரு ஒரு பொருட்டாக இல்லை. குடியும் கூத்தும், வேதத்தில் ஆதாரம் இல்லாமையுமே அவர்களுடைய கவலை. வாங்குவதும் கொடுப்பதும் மிகுந்துவிட்டன என்ற புகார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வருகிறது. ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் 1850இல் எழுதிய ஒரு கிறிஸ்துமஸ் கதையிலேயே, எல்லாம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் என்ன பரிசு வாங்குவது என்ற அலுப்பு பேசப்படுகிறது.

தொடர்களைப் பற்றிய புகார் வயதில் இளையது. அதற்கு அமெரிக்கர்கள் ஒரு தனிச் சொல்லே உண்டாக்கினார்கள். ‘ஹேப்பி டேஸ்’ என்ற தொடரின் நாயகர்களில் ஒருவர் 1977இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில் நீர்ச்சறுக்குப் பலகையில் சுறாமீனைத் தாண்டிக் குதித்தார். சரக்கு தீர்ந்த தொடர் கவனத்தை இழுக்கச் செய்யும் கடைசி வித்தைக்குப் பிற்காலத்தில் அதுவே பெயராயிற்று. ஆனால் அந்தத் தொடர் அதற்குப் பிறகும் 1984 வரை ஓடியது. ‘ஆர்வம் போய்விட்டது’ என்ற தீர்ப்பும் ‘பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்’ என்ற நிகழ்வும் வேறுவேறானவை என்பதற்கு இது எச்சரிக்கை. இந்த வேறுபாட்டைக் கவனியாத விவாதங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கான சான்றை மற்றொன்றுக்குக் காட்டிவிடுகின்றன.

முதல் விடை: மனம் பழகிவிடுகிறது

உளவியலாளர் தரும் விடை எளிமையானது. இன்பம் எதுவானாலும் மனம் அதற்குப் பழகி, பழைய நிலைக்கே திரும்பிவிடும். பிரிக்மனும் கேம்ப்பெல்லும் 1971இல் வைத்த இக்கருத்தின்படி, சலிப்புக்கு வணிகத்தைத் தேடிப்போக வேண்டியதில்லை. மனத்தின் இயல்பே போதுமான காரணம்.

பார்க்கும் முறையை ஆராய்ந்தவர்கள் இதைக் கூர்மைப்படுத்தினார்கள். மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட சோதனையில், ஒரு தொடரை ஒரே மூச்சில் பார்த்தவர்களைவிட நாளுக்கு ஒன்றாகவோ வாரத்துக்கு ஒன்றாகவோ பார்த்தவர்கள் அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். கதை அவர்கள் நினைவிலும் நீடித்து நின்றது. நெல்சன், மேவிஸ், காலக் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. விளம்பர இடைவேளை வேண்டாம் என்று சொல்பவர்களே, இடைவேளையோடு பார்க்கும்போது நிகழ்ச்சியை அதிகம் ரசித்தார்கள். இடைவேளை பழக்கத்தை முறித்து ரசனையைப் புதுப்பிக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இந்த விடைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. எல்லாத் திரும்புதலும் சலிப்பதில்லை. மார்கழி முப்பது நாளும் அதே திருப்பாவை ஆண்டுதோறும் பாடப்படுகிறது. பாரதக் கூத்தில் அடுத்து என்ன நடக்கும் என்பது கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் ஊர் விடிய விடிய விழித்திருக்கும். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ அதே இதழில் பலமுறை மறுபடியும் தொடராக வந்து ஒவ்வொரு முறையும் வாசகரைப் பெற்றது. திரும்ப வருவதே சலிப்பைத் தரும் என்றால் இவை எப்போதோ மறைந்திருக்க வேண்டும். எப்படிப்பட்ட திரும்புதல் சலிக்கிறது என்பதே உண்மையான கேள்வி. உளவியல் ஆய்வுகள் அதற்குத் தனியே விடை சொல்வதில்லை.

இரண்டாம் விடை: பண்பாடு ஆலைச் சரக்காயிற்று

நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி அமெரிக்காவில் வாழ்ந்த அடோர்னோவும் ஹார்க்ஹைமரும் 1947இல் அச்சேறிய தங்கள் நூலில் ‘பண்பாட்டுத் தொழில்’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். திரைப்படமும் வானொலியும் ஆலைப் பொருளைப் போல ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன; புதிதாகத் தோன்றுவது பழையதன் மேல்பூச்சு; ஓய்வு நேரமும் உழைப்பின் நீட்சியாகிவிடுகிறது என்பது அவர்கள் வாதம்.

தமிழ்த் தொலைக்காட்சியில் இந்த வாதத்துக்கு நிறையப் பிடிமானம் கிடைக்கும். 1999இல் தொடங்கிய ‘சித்தி’ ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் முடிந்தது. ‘மெட்டி ஒலி’ 2002 முதல் 2005 வரை வந்தது. ‘கோலங்கள்’ 2003இல் தொடங்கி 2009 வரை ஆறாண்டுகள் ஓடியது. 2014இல் தொடங்கிய ‘சந்திரலேகா’ 2022 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளைக் கண்டது. கதையின் தேவையால் வந்த நீளம் என்று இதை முழுவதும் சொல்ல முடியாது. தொடர் ரேட்டிங் தரும்வரை ஒவ்வொரு அரைமணியும் விற்கக்கூடிய விளம்பர நேரம். முடிவு எழுதினால் அந்த வருமானம் நின்றுபோகும். ஆகவே முகூர்த்தம் தள்ளிப்போகிறது, ரகசியம் உடைபடும் நொடியில் ‘தொடரும்’ விழுகிறது, இறந்தவர் திரும்பி வருகிறார்.

ஆனால் இந்த விடை பார்ப்பவரை வெறும் பாத்திரமாக்கிவிடுகிறது. ஊற்றியதை ஏந்திக்கொள்வதே அவர் வேலை என்பதுபோல. நெதர்லாந்தில் இயென் ஆங் ஒரு பெண்கள் இதழில் விளம்பரம் கொடுத்து, ‘டல்லாஸ்’ தொடரைப் பார்ப்பவர்களிடமிருந்து 42 கடிதங்கள் பெற்றார். அவற்றை வைத்து 1980களில் அவர் எழுதிய நூல், வெறுத்துக்கொண்டே பார்ப்பவர்களையும், விரும்பியதற்காக வெட்கப்படுபவர்களையும், பாத்திரங்களின் துயரத்தில் தங்கள் துயரத்தைக் கண்டவர்களையும் காட்டியது. தில்லியின் கீழ் நடுத்தரக் குடும்பங்களில் பூர்ணிமா மன்கேகர் செய்து 1999இல் நூலாக்கிய ஆய்வும், பெண்கள் தொலைக்காட்சிக் கதைகளைத் தங்கள் வாழ்வோடு ஒப்பிட்டு, ஏற்று, மறுத்து, வாதாடியே பார்த்தார்கள் என்கிறது. இரட்டை மனம் ஏமாற்றப்பட்டதன் அடையாளம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அது மதிப்பிடும் மனத்தின் அடையாளமாகவும் இருக்கலாம்.

மூன்றாம் விடை: தூய தொடக்கம் இருந்ததில்லை

வரலாற்றாசிரியர்கள் கேள்வியையே திருப்பிப் போடுகிறார்கள். எது கெட்டுவிட்டது என்கிறோமோ அது கெடாமல் இருந்த காலம் எது?

நெடுந்தொடரின் பிறப்பே வணிகத்தின் மடியில்தான். 1930களில் அமெரிக்க வானொலியில் பகல் நேரத் தொடர்களைப் பெருமளவில் நடத்தியவை சோப்பு நிறுவனங்கள். வீட்டுவேலை செய்யும் பெண்களிடம் சோப்பு விற்கப் பிறந்ததால்தான் இவ்வகைக்கு ஆங்கிலத்தில் சோப்பின் பெயரே நிலைத்தது. 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009இல் நின்ற ‘கைடிங் லைட்’ இந்த மரபில் வந்ததே. இந்தியாவில் 1984இல் தொடங்கிய ‘ஹம் லோக்’ குடும்பக் கட்டுப்பாடு போன்ற சமூகச் செய்திகளுக்காக உருவானது. உடனடி நூடுல்ஸ் நிறுவனம் ஒன்றின் விளம்பரமும் அதன் தோளில் ஏறியே வந்தது.

பண்டிகைகளின் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. லீ எரிக் ஷ்மிட் 1995இலும் ஸ்டீபன் நிசன்பாம் 1996இலும் வெளியிட்ட நூல்கள், குடும்பத்தோடு வீட்டில் பரிசு கொடுத்து மகிழும் இன்றைய கிறிஸ்துமஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சந்தையோடு சேர்ந்தே உருவானது என்று காட்டின. அமெரிக்க அன்னையர் தினம் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. ஆனா ஜார்விஸ் 1908இல் தன் தாயின் நினைவாகத் தொடங்கிய நாள் 1914இல் அதிபர் வில்சனின் அறிவிப்பைப் பெற்றது. பூ வணிகர்கள் அதைப் பரப்பப் பெரிதும் உதவினார்கள். பிறகு அதே பூ வணிகர்களையும் வாழ்த்து அட்டை விற்பவர்களையும் எதிர்த்தே அவர் தம் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டு 1948இல் இறந்தார்.

தமிழ்த் தீபாவளிக்கும் இது பொருந்தும். 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் என்றே இன்றும் நினைக்கப்படுகிறது. ‘பராசக்தி’ 1952 தீபாவளியன்று வந்தது. பக்கம் பக்கமாக விளம்பரம் தாங்கிய தீபாவளி மலர்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்கிப் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். அன்றைய சரக்கு இன்றைய நினைவாகிவிட்டது.

இந்த விடை ஏக்கத்தின் மிகையைக் களைகிறது. ஆனால் அது எட்டாத இடம் ஒன்று உண்டு. தொடக்கத்திலிருந்தே வணிகம் இருந்தது என்பதால், அதன் அளவு பெருகியது பொருட்டல்ல என்று ஆகிவிடாது. பாயசத்தில் முதலிலிருந்தே வெல்லம் உண்டு. அதற்காக எவ்வளவு போட்டாலும் சுவை மாறாது என்று யாரும் சொல்வதில்லை.

நான்காம் விடை: உறவின் சுமை

மானிடவியலாளர்கள் கொடுக்கல் வாங்கலையே மையமாக வைக்கிறார்கள். கொடுப்பது, பெறுவது, திருப்பிக் கொடுப்பது ஆகிய மூன்றும் கடமைகள். அவற்றால் சமூகம் கட்டுண்டிருக்கிறது என்று மார்செல் மோஸ் 1925இல் எழுதினார். பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் அதற்கு நேர்மாறான கணக்கைப் போட்டார். தம் மாணவர்களிடம் கேட்டு, கிறிஸ்துமஸ் பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று மதிப்பிட்டார். பெற்றவர் தாமே அப்பொருளுக்கு அவ்வளவு விலை கொடுத்திருக்கமாட்டார் என்பதே அடிப்படை. பரிசின் பெறுமானத்தைப் பொருளில் மட்டும் தேடுவது தவறு என்பது இதற்கு எழுந்த முதன்மையான மறுப்பு.

மைக்கேலா டி லியோனார்டோ 1987இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். கலிபோர்னியாவில் வாழும் இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களை ஆராய்ந்த அவர், வாழ்த்து அனுப்புவது, விருந்து ஏற்பாடு செய்வது, யாருக்கு என்ன வாங்குவது என்று நினைவில் வைத்திருப்பது ஆகியவை பெரும்பாலும் பெண்களின் கணக்கில் வராத உழைப்பு என்றார்.

தமிழ் வீடுகளில் இந்தப் பார்வை மிகவும் பயன்படக்கூடியது. தலைதீபாவளிச் சீரும் பொங்கல் சீரும் அன்பின் வெளிப்பாடுகள். பெண்ணைப் பெற்ற வீட்டின்மேல் ஏறும் கடமைகளும் அவையே. பண்டிகைக்கு முந்தைய இரவு எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பவருக்கும், காலையில் முறுக்கு எடுத்துத் தின்பவருக்கும் பண்டிகை ஒன்றல்ல. கடைப் பலகாரத்தை ‘வணிகமயம்’ என்று ஒருவர் வருந்தும்போது, அதுவே இன்னொருவருக்குக் கிடைத்த முதல் ஓய்வாக இருக்கக்கூடும். மாதாமாதம் கட்டும் தீபாவளிச் சீட்டும் பட்டாசுச் சீட்டும் நகைச் சீட்டும் இதே இரட்டைத் தன்மை உடையவை. அவை விற்பனை உத்திகள். குறைந்த வருமானக் குடும்பம் பண்டிகை நாளில் தலைநிமிர்ந்து நிற்க உதவும் சேமிப்பும் அவைதாம். சிவகாசியின் பட்டாசுத் தொழிலாளர்களுக்கும், கோ-ஆப்டெக்ஸின் பண்டிகைத் தள்ளுபடியை நம்பியிருக்கும் நெசவாளர்களுக்கும் இந்த வணிகமே பிழைப்பு.

விளம்பரம் கடமையின் உயரத்தை ஏற்றிவிடுகிறது என்பதை இந்த விடை போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை. அட்சய திருதியை தானத்துக்கு உகந்த நாளாகச் சொல்லப்பட்டு வந்தது. அண்மைப் பத்தாண்டுகளில் நகைக்கடை விளம்பரங்களின் துணையோடு தங்கம் வாங்கும் நாளாக அது வலுப்பெற்றது. கொடுப்பதற்கான நாள் வாங்குவதற்கான நாளானது உறவின் தேவையால் மட்டும் நிகழ்ந்திருக்க வாய்ப்பில்லை.

ஐந்தாம் விடை: ஒரே நேரம் கலைந்தது

மக்கள் ஒன்றுகூடி ஒரே செயலில் ஈடுபடும்போது எழும் பொங்குணர்ச்சியே சமயத்தின் ஊற்று என்று 1912இல் துர்கைம் எழுதினார். டானியல் தயானும் எலிஹு காட்ஸும் 1992இல் அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு நாடே ஒரே நேரத்தில் பார்க்கும் ஒளிபரப்பு ஒரு வகைப் பண்டிகை என்றார்கள்.

1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை தூர்தர்ஷனில் ஞாயிறு காலையில் வந்த ராமானந்த் சாகரின் ‘ராமாயணம்’ இதற்குச் சிறந்த சான்று. குளித்துவிட்டு, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டுப் பார்த்த வீடுகளைப் பற்றி அக்காலச் செய்திகள் பேசின. அது 78 பகுதிகள் கொண்ட தொடர். விளம்பர வருமானத்தையும் குவித்தது. 2020 ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் இருந்தபோது அது மீண்டும் ஒளிபரப்பாகிப் பெருந்திரளானவர்களை ஈர்த்தது.

பிரிட்டனில் தொடரும் பண்டிகையும் நேராகச் சந்தித்தன. 1986 கிறிஸ்துமஸ் நாளில் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரின் பகுதியை, மறுஒளிபரப்பையும் சேர்த்து, மூன்று கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கிடப்பட்டது. அப்போது அந்நாட்டில் நான்கே அலைவரிசைகள். தமிழ்நாட்டில் 1993 சித்திரைப் புத்தாண்டன்று சன் டிவி தொடங்கிய பின், பண்டிகைக் காலைப் பட்டிமன்றமும் ‘முதன்முறையாக’ வரும் புதுப்படமும் வீட்டுச் சடங்குகளோடு சேர்ந்துகொண்டன. இன்று வீட்டில் ஆளுக்கொரு திரை. எனவே வணிகம் மிகுந்தது காரணமல்ல, பார்வை சிதறியதே காரணம் என்பது இவ்விடை.

இதன் குறையும் கவனிக்கத்தக்கது. அந்த ஒருமித்த நேரத்தில் யார் இருந்தார்கள்? பெட்டி இல்லாத வீட்டார் அடுத்த வீட்டு வாசலில் நின்றார்கள். எல்லா வாசலும் எல்லோருக்கும் திறக்கவில்லை. வேறு சமயத்தாரும் மறுப்பாளரும் அந்த ‘நாம்’ என்பதற்குள் எப்படி உணர்ந்தார்கள் என்ற கேள்வியையும் இந்த விடை பெரும்பாலும் தாண்டிப்போய்விடுகிறது.

இடைவெளி என்னும் கூறு

ஐந்து விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பொதுக்கூறு தென்படுகிறது. எந்த விடையும் அதைத் தன் மையமாக்கவில்லை. எனினும் ஒவ்வொன்றின் சான்றும் அதைத் தொட்டுச் செல்கிறது. அது இடைவெளி. திருப்பாவை மார்கழியோடு நிற்கிறது. கூத்து விடியலில் முடிகிறது. பொன்னியின் செல்வனுக்குக் கடைசி அத்தியாயம் உண்டு. மெல்பர்ன் சோதனையும் விளம்பர இடைவேளைச் சோதனையும் இடையில் விடப்பட்ட நேரத்தின் பயனையே அளக்கின்றன.

வணிகம் தன் இயல்பில் இந்த இடைவெளியை நிரப்ப முயல்கிறது. 1939இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், கிறிஸ்துமஸ் விற்பனைக் காலம் நீளவேண்டும் என்ற வணிகர்களின் கோரிக்கையை ஏற்று, நன்றி நவிலும் நாளையே ஒரு வாரம் முன்னால் நகர்த்தினார். பல மாநிலங்கள் ஏற்க மறுத்தன. 1941இல் சட்டமியற்றித்தான் குழப்பம் தீர்ந்தது. நம் ஊரில் ஆடி, திருமணம் நடத்தாத மாதம் என்பதால் கடைகளில் கூட்டம் இராது. அந்தத் தேக்கத்தைப் போக்க வந்த ஆடித் தள்ளுபடி இன்று தி.நகரில் தனித் திருவிழா. ஆடி, நவராத்திரி, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று விற்பனைக் காலங்கள் கைகோத்துக்கொண்ட பின் வெறும் நாள் என்று ஒன்று அரிதாகிறது. ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ வாரத்துக்கு இரண்டு பகுதிகளாகத் தொடங்கி, 1994இல் மூன்றாகி, 2001இல் நான்காகியது. வாரநாள் முழுதும் வரும் தமிழ்த் தொடர்கள் சனிக்கிழமையையும் பிடித்துக்கொண்டன.

இதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் பிரிட்டனிலேயே உண்டு. 2007இல் தொடங்கி 2010இல் முடிந்த ‘கேவின் அண்ட் ஸ்டேசி’ அதன்பின் 2019 கிறிஸ்துமஸுக்கு ஒருமுறையும், 2024 கிறிஸ்துமஸுக்கு இறுதியாக ஒருமுறையும் வந்தது. திரைகள் சிதறிய இக்காலத்திலும் இறுதிப் பகுதியை அன்றிரவே 1.2 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு பொதுவிதி கூற இயலாது. ஆனால் சிதறல் மட்டுமே காரணம் என்ற வாதத்தை இது தளர்த்துகிறது.

எஞ்சும் கேள்விகள்

ஆய்வுகள் இதுவரை தருவதைக் கொண்டு சில முடிவுகளுக்கு வரலாம். வணிகம் தூய பண்டிகையையும் தூய தொடரையும் வெளியிலிருந்து வந்து கெடுத்தது என்ற கதை வரலாற்றில் நிற்கவில்லை. பார்ப்பவரும் கொண்டாடுபவரும் ஏமாளிகள் என்ற கருத்தும் நிற்கவில்லை. அதே நேரம், எப்போதும் வணிகம் இருந்தது என்று சொல்லி இன்றைய சலிப்பை ஒதுக்கிவிடவும் முடியாது. முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காததும், காத்திருக்க வேண்டிய நேரத்தை விற்றுவிடுவதும் ஆர்வத்தைத் தேய்க்கின்றன என்ற விளக்கமே இப்போதுள்ள சான்றுகளோடு அதிகம் ஒத்துப்போகிறது.

மூன்று கேள்விகள் திறந்தே உள்ளன. முதலாவது, அளவு பற்றியது: எவ்வளவு நீளம், எவ்வளவு இடைவெளி என்பதில் பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபாடு உண்டா? சோதனைகள் பெரும்பாலும் மேலைநாட்டு மாணவர்களை வைத்தே நடந்துள்ளன. இரண்டாவது, யாருடைய சலிப்பு என்பது: சமைப்பவர், சீர் செய்பவர், கடன் வாங்குபவர், விற்பனைக் கூடத்தில் நாள்முழுதும் நிற்பவர் ஆகியோரின் பண்டிகை அனுபவம் ஒரே சொல்லில் அடங்காது. மூன்றாவது, நினைவு பற்றியது: தீபாவளி மலர் பொக்கிஷமானதுபோல, இன்று அலுப்பூட்டும் விளம்பரங்களும் தொடர்களும் நாளைய ஏக்கமாகுமா என்பதை இன்றிலிருந்து தீர்மானிக்க முடியாது.

இவற்றுக்கு விடை தேடுவோர் ரேட்டிங் எண்களோடு நின்றுவிடக் கூடாது. அந்த எண்கள் பெட்டி ஓடியதைச் சொல்லும். மனம் எப்போது எழுந்து போனது என்பதைச் சொல்லாது. ஒரு தொடரை எந்த வாரத்தில், எதற்காக விட்டோம், ஒரு பண்டிகையில் எதைச் சுமையாக உணர்ந்தோம், எதை விட மனமில்லை என்று தமிழ்ப் பார்வையாளர்களே, குறிப்பாகப் பெண்கள், தங்கள் சொற்களில் சொல்வதைக் கேட்டுப் பதிவுசெய்யும் பணி நம் பல்கலைக்கழகங்களின் முன் இருக்கிறது. அந்தப் பதிவுகள் கைக்கு வந்த பிறகே இக்கேள்விக்கு நம் மண்ணுக்குரிய விடையை எழுதத் தொடங்க முடியும்.